ஆரம்பசூரரின் குல்லா

நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். தட்டை இடது கையில் ஏந்தி, அடுப்படியில் ஒரு வாய், கூடத்தில் ஒரு வாய், பால்கனிக் கம்பியில் சாய்ந்து தெருவைப் பார்த்தபடி ஒரு வாய். கடைசிக் கவளம் தொண்டையில் இறங்கும்போது ஒரு கால் செருப்புக்குள் போயிருக்கும். "உக்காருங்களேன், நாற்காலி என்ன கடிக்கவா போகுது?" என்று மனைவி கேட்டால், "உக்காந்தா முட்டி வலிக்குதும்மா" என்பார். முட்டியில் அவருக்கு ஒரு வலியும் கிடையாது.

போனில் பேசும்போதும் அப்படித்தான். 'ஹலோ' வீட்டுக்குள் கேட்கும். 'சரி, வச்சிடறேன்' தெருமுனையில் கேட்கும். நடுவே எத்தனை படி இறங்கினோம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்பது அவருக்கே தெரியாது. ஒரு தடவை சட்டை போடாமல் பஸ் நிறுத்தம் வரை போய்விட்டு, அங்கிருந்து மனைவிக்கு போன் செய்து சட்டை கேட்டிருக்கிறார்.

லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஐம்பதைத் தாண்டியும் ஒடிசலான உடம்பு, ஓயாத கை. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் காரியமாகக் கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்ப்பார். தளர்ந்திருந்தால் காபி வருவதற்குள் முடுக்கிவிடுவார். ஊரில் பாதிக் கட்டடத்தின் லிஃப்ட் இவர் கைபட்டு ஓடுகிறது. இவர் மட்டும் படியேறித்தான் போவார். கேட்டால், "அது வர்ற வரைக்கும் யாருங்க நிக்கறது?" என்பார்.

வீட்டில் அவருக்குப் பட்டப்பெயர் 'ஆரம்பம்'. ஆரம்பசூரர் என்பதன் சுருக்கம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மனைவி வைத்த பெயர் அது. மகள் அதை வழிமொழிந்தாள். பெயர்க் காரணத்தை அறிய வீட்டைச் சுற்றி வந்தாலே போதும். குளியலறைச் சுவரில் இடுப்பு உயரம் வரை நீல ஓடு பதித்திருக்கும். அதற்கு மேல் மொட்டைச் சிமெண்ட். மூலையில் நிற்கும் கிதாருக்கு இருக்க வேண்டிய கம்பிகளில் பாதிதான் இருக்கும். மீன் வளர்க்க வாங்கிய கண்ணாடித் தொட்டியில் வெங்காயம் கிடக்கும். மகள் சின்னவளாக இருந்தபோது அவளுக்காகச் செய்யத் தொடங்கிய பொம்மை வீட்டில் சுவர் உண்டு, சன்னல் உண்டு, சின்னதாக மாடிப்படிகூட உண்டு. கூரைதான் வரவே இல்லை. "இது மழையே பெய்யாத ஊர்னு வச்சுக்கோ" என்று சமாதானம் சொன்னார். அவளும் அப்படியே வைத்துக்கொண்டு விளையாடி, வளர்ந்தும் விட்டாள்.

ஆனால் வேலைக்குப் போன இடத்தில் ஆளே வேறு. அவரோடு பல வருஷமாக வேன் ஓட்டிவரும் கூட்டாளி ஒருவர் உண்டு. பெருத்த சரீரம், உட்கார்ந்தால் எழமாட்டார், எழுந்தால் உட்காரும் இடத்தைத்தான் தேடுவார். அவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது மனைவி, "அங்கேயும் இப்படித்தான் பாதியில விடுவாராண்ணே?" என்று விசாரித்தாள். கூட்டாளிக்குக் கோபமே வந்துவிட்டது. "என்னம்மா இப்படிக் கேட்டுட்டே? ஒரு தடவை ரெண்டு மாடிக்கு நடுவுல பெட்டி மாட்டிக்கிச்சு. உள்ள ஒரு பொம்பளை, கைக்குழந்தையோட. மேல மெஷின் ரூம்ல அனல். கையால சக்கரத்தைச் சுத்திச் சுத்தி, இஞ்ச் இஞ்சா இறக்கினான். தண்ணி குடிக்கக்கூட எழுந்திரிக்கலையே!"

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அப்போது கூட்டாளியின் நாற்காலிக்கு அடியில் குனிந்து, ஆடும் காலை முடுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "உள்ள ஆள் இருக்கும்போது எப்படிம்மா விட்டுட்டு வர்றது?" என்றார்.

மகளுக்குப் பத்தொன்பது வயது. கடலில் நீந்துகிறவள். நீச்சல் குளத்தில் கோடு பார்த்து நீந்துவது அவளுக்கு அலுத்துப்போய், குளிர்காலத்துக் கடலில் இறங்கும் கூட்டம் ஒன்றில் சேர்ந்துவிட்டாள். துறைமுகத்தின் பழைய படித்துறையில் குதித்து, தூரத்தில் தெரியும் பாறையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். கூடவே ஒரு துடுப்புப் படகு வரும். தண்ணீரில் இருக்கும்போது ஒன்றும் ஆகாது என்பாள். வெளியே வந்த பிறகு வருவதுதான் குளிராம். பல் கிட்டும், விரல் மடங்காது, காது இருக்கிற இடமே தெரியாது.

போன குளிர்காலத்தில் நடந்தது அது. அப்பாவும் போயிருந்தார். அவள் குதித்தபோது கை தட்டினார். தலை சின்னப் புள்ளியானபோது படித்துறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். புள்ளி கண்ணுக்குத் தெரியாமல் போனதும் அவரால் முடியவில்லை. வண்டி நிறுத்துமிடத்துப் பக்கம் போனார். அங்கே யாருடைய காரிலோ நம்பர் பலகை ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கை சும்மா இருக்குமா? ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

அவர் சீட்டியடித்துக்கொண்டு திரும்பியபோது மகள் கரையில் இருந்தாள். அறிமுகமில்லாத மூன்று பேருடைய கோட்டுகள் அவள் மேல் கிடந்தன. உதடு நாவல் நிறத்தில் இருந்தது. யாரோ அவள் வாயில் சூடான பானத்தை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். "பேர் என்னம்மா, உன் பேர் சொல்லு" என்று ஒருத்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். பெயர் அவள் வாயில் வரவில்லை. அதற்குச் சற்று முன்வரை அவள் வாயில் வந்துகொண்டிருந்தது ஒரே ஒரு கேள்விதான் என்று பிறகு சொன்னார்கள்: "அப்பா எங்க?"

தேறியபின் அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். சில நாள் கழித்து, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: "இனிமே நீ வராதப்பா. வந்துட்டுக் காணாமப் போறதுக்கு வராமலே இருந்துடலாம்."

அவர் கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். "சரிம்மா" என்றார். அன்றைக்கு பால்கனிக்குப் போகவில்லை.

அதற்கப்புறம்தான் வீட்டுக்குள் கம்பளி நூல் வந்தது.

நேர் வழியில் வரவில்லை. குளிரில் நீந்துகிறவர்கள் வெளியே வந்ததும் என்ன போட்டுக்கொள்கிறார்கள் என்று போனில் தேடியிருக்கிறார். தேடியது ஒன்றைக் காட்ட, அது இன்னொன்றைக் காட்ட, கடைசியில் ஒரு வீடியோவில் போய் நின்றார். ஒரு மேசை, இரண்டு கை, இரண்டு நிற நூல். முகம் தெரியாது. அவ்வப்போது ஒரு பூனையின் வால் மட்டும் குறுக்கே போகும். அந்த அம்மாள் பேசிய மொழியில் இவருக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் அந்தக் கைகள், ஒரே வரிசையில் ஒரு கண்ணி நீலம், மூன்று கண்ணி வெள்ளை, மறுபடி நீலம் என்று கோத்துக்கொண்டே போக, பூவும் அலையுமாக ஒரு குல்லா தானாக முளைத்து வந்தது. பின்னி முடித்துத் திருப்பிக் காட்டினாள். முன்னால் வேலை இல்லாத நூல், பின்னால் படுத்தபடி ஓடியிருந்தது.

"இத பாரும்மா!" என்று மனைவியை இழுத்துவந்தார். "ஒரு நூல் முன்னாடி வேலை செய்யும்போது இன்னொண்ணு பின்னாடி சும்மா ஓடுது. குல்லாவுக்குள்ள ஒரு குல்லா. இரட்டைச் சூடு! காதுக்கு எப்படி இருக்கும்?"

"நல்லாத்தான் இருக்கும். முதல்ல ஒத்தை நிறத்துல ஒண்ணு பின்னிப் பழகுங்களேன்."

"ஒத்தை நிறம் யார் வேணா பின்னுவாங்க."

மனைவி வெங்காயம் எடுக்க மீன் தொட்டிப் பக்கம் போனாள்.

பழகத்தான் வேண்டியிருந்தது. கையகலத் துணி ஒன்று பின்னினார். ஒரு பக்கம் விரிந்து, ஒரு பக்கம் சுருங்கி, பல் விழுந்த வாய் மாதிரி நடுவில் ஓட்டையோடு வந்தது. அதையும் முடிக்கவில்லை. இப்போது அது வேனில் கிரீஸ் துடைக்கிறது. அடுத்து நேராக இரண்டு நிறத்துக்குத் தாவிவிட்டார். அடர்நீலமும் ஆரஞ்சும். ஆரஞ்சு எதற்கு என்று கேட்டதற்கு, "கூட்டத்துல எங்க நின்னாலும் தெரியும்ல" என்றார்.

வீடியோக்காரிக்கு அவர் வைத்த பெயர் 'கையம்மா'. கையம்மாவின் வேகம் இவருக்கு ஒத்துவரவில்லை. வேகத்தைப் பாதியாகக் குறைத்து ஓடவிட்டால், அவள் குரல் தூக்க மாத்திரை விழுங்கிய ஆளுடைய குரல் போல இழுத்தது. வீடெல்லாம் அந்தக் குரல். "நிறுத்து, நிறுத்து, எந்த விரல்ல அது? அம்மா தாயே, ஒரு நிமிஷம் நில்லேன்!" என்று போனிடம் கெஞ்சுவார். எங்கேயும் எதற்கும் நிற்காத மனிதர் இன்னொருத்தியை நில் என்று கெஞ்சுவதைக் கேட்டு, மகள் தன் அறையில் தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தாள்.

பின்னுவதும் நடந்துகொண்டேதான். நூல் உருண்டைகளைச் சட்டையின் இரண்டு பக்கப் பையிலும் போட்டுக்கொண்டு, கூடத்தில் சுற்றுவார். உருண்டை விழும், தெரியாமல் நடப்பார், நீலம் மேசைக் காலைச் சுற்றும், ஆரஞ்சு நாற்காலியைச் சுற்றும். மனைவி வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், சிலந்தி குடித்தனம் வந்ததுபோல இருக்கும். வேலையிடத்திலும் விடவில்லை. மதிய இடைவேளையில் வேனுக்கு வெளியே நின்று பின்னுவார். கூட்டாளி உள்ளே இருந்தபடி, "ஊர்ல எல்லாரும் வாயால குல்லா போடறான். நீ ஒருத்தன்தான் கையால போடறே" என்பார்.

ஒரு சாயங்காலம் அது முடிந்தது. மெய்யாகவே முடிந்தது. உச்சியில் மிஞ்சிய கண்ணிகளுக்குள் நூலை விட்டுச் சுருக்கி, முடிச்சிட்டு, கத்தரித்தார். கத்தரித்துவிட்டுக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். ஒன்றை முடித்தபின் என்ன செய்வது என்று அவருக்குப் பழக்கமில்லை. "ஏய், எல்லாரும் வாங்க!" என்று கத்தினார்.

அலை அலையாக ஆரஞ்சு, நடுவே நீல மீன்கள். மேசைமேல் வைத்துப் பார்க்க, கடையில் வாங்கினதுபோல்தான் இருந்தது. மனைவி எடுத்துத் தலையில் வைத்தாள். அது காதுக்கு வரவில்லை, நெற்றிக்குக்கூட வரவில்லை. உச்சந்தலையில் கிண்ணம் கவிழ்த்ததுபோல் உட்கார்ந்தது. இழுத்தாள். மரக்கட்டைபோல் அசையவில்லை. மகள் வாங்கித் தன் தலையில் அழுத்திப் பார்த்தாள். அழுத்திய கையை எடுத்ததும் டப்பென்று மேலே எகிறிக் கீழே விழுந்தது.

"அப்பா, இது தலைக்கா, தலைவலிக்கா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். அவர்தான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தார். பிறகு, "பால் வாங்கிட்டு வந்துடறேன்" என்று இறங்கிப் போனார். பால் வீட்டில் இருந்தது. வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார். யாரும் பால் எங்கே என்று கேட்கவில்லை.

போனில் பின்னல்காரர்கள் குழு ஒன்றில் முன்பே சேர்ந்திருந்தார். பல ஊர்க்காரர்கள் தமிழிலேயே எழுதிக்கொள்ளும் குழு. யாராவது ஒரு ஸ்வெட்டரைப் போட்டால் இருபது பேர் பூப் போடுவார்கள். அதில் பூவே போடாத ஒருத்தி உண்டு. படத்தில் முகத்துக்குப் பதிலாக ஒரு கெட்டிலை வைத்திருப்பாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் என்பதைத் தவிர அவளைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. இவர் குல்லாவைப் படம் பிடித்துப் போட்டு, 'அளவு பார்த்துத்தான் செய்தேன், தலைக்குள் போகவில்லை, ஏன்?' என்று எழுதினார். பூக்கள் வந்தன. 'அருமை', 'மீன் ரொம்ப அழகு', 'குழந்தைக்குப் போடுங்க'. கடைசியில் கெட்டிலிடமிருந்து ஒரு வரி: 'உள்பக்கம் காட்டுங்க.'

உள்பக்கத்தை அவரே அதுவரை சரியாகப் பார்த்ததில்லை. திருப்பினார். முன்னால் மீன் நீந்திக்கொண்டிருக்க, பின்னால் ஒவ்வொரு நூலும் துணி காயப்போடும் கொடிபோல விறைத்து நின்றது. விரலால் மீட்டினால் சத்தம் வரும் போலிருந்தது. வெட்கமாக இருந்தது. தயங்கித் தயங்கித்தான் படத்தை அனுப்பினார்.

கெட்டில் பேச்சாகவே பதில் அனுப்பினாள். எங்கோ கதவு திறந்து மூடும் ஓசைக்கு நடுவே, உரத்த, அவசரமில்லாத குரல். "சார், நூலைப் பின்னாடி இழுத்துப் பிடிச்சிருக்கீங்க. பின்னாடி நூல் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் முன்னாடி துணி விரியும். அது சும்மா தளர்வா கிடக்கணும். நீங்க என்ன, கோவக்காரரா?"

'இல்லை, அவசரக்காரன்' என்று எழுதினார்.

"நூலுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நிறம் மாத்தறதுக்கு முன்னாடி ஊசியில இருக்கற கண்ணியை விரலால நல்லா பரத்தி விடுங்க. பரத்திட்டு, அப்புறம் அடுத்த நூலை எடுங்க. ஒவ்வொரு தடவையும். அப்படியும் இழுத்தீங்கன்னா, உள்பக்கத்தை வெளியில திருப்பி வச்சுப் பின்னுங்க. நூல் சுத்திக்கிட்டுப் போகணும்ல, தானா நீளம் கிடைக்கும்."

'இதைச் சரிசெய்ய வழி இல்லையா?'

"இதையா? பிரிக்கணும் சார்."

இரண்டு நாள் குல்லா மேசைமேல் கிடந்தது. போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டுவிட்டுப் போனார். மூன்றாம் நாள் விடுமுறை. உச்சி முடிச்சைத் தேடிக் கத்தரியை வைத்தபோது மகள் வந்தாள்.

"பிரிக்கவா போறே?"

"ஆமா."

"வேணாம்ப்பா." அவள் குரலில் கேலி இல்லை. "நீ முடிச்சது இது ஒண்ணுதான். இருக்கட்டும், அலமாரியில வைக்கலாம்."

"உள்ள தலை போகாத குல்லா எதுக்கும்மா?" என்று கத்தரித்தார்.

முதல் கண்ணி அவிழ்ந்ததும் மற்றவை வரிசையாக அவிழ்ந்தன. பின்னும்போது எத்தனை பாடு படுத்தியதோ, பிரிக்கும்போது அத்தனை சுலபமாகப் பிரிந்தது. இரண்டு நூலும் ஒன்றாக வந்து சிக்கிக்கொண்டன. ஒருவரால் ஆகிற காரியமில்லை. மகள் எதிரில் தரையில் உட்கார்ந்து ஆரஞ்சு நூலின் நுனியை எடுத்துச் சுற்றத் தொடங்கினாள். அவர் நீலத்தைச் சுற்ற வேண்டுமானால் அவளுக்கு எதிரில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். உட்கார்ந்தார். ஒரு முழங்கால் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது. அவள் இழுத்தால் இவர் தளர்த்த வேண்டும். இவர் இழுத்தால் அவள் தளர்த்த வேண்டும். மீன்கள் ஒவ்வொன்றாக வாலிலிருந்து தலைவரை காணாமல் போயின.

"அடுத்த மாசம் மறுபடி போறேன்" என்றாள், நூலைப் பார்த்தபடி. "பாறையச் சுத்தி."

'நானும்' என்று நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கினார். "குளிர் அதிகமா இருக்குமே" என்றார்.

"இருக்கும்."

அவள் கையில் இருந்த உருண்டை சின்னதாக, இறுக்கமில்லாமல், கோணலாக இருந்தது. சுருண்டு சுருண்டு கிடந்த பழைய நூலைத் தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டு நேராக்கிக்கொண்டு, மறுநாளே புதிதாக ஆரம்பித்தார். ஆரம்பிப்பதற்கு அவருக்குச் சொல்லித் தரவா வேண்டும்?

இந்த முறை நடந்துகொண்டே பின்ன முடியவில்லை. கெட்டில் சொன்னபடி, நிறம் மாற்றும் இடத்திலெல்லாம் நின்று, கண்ணிகளை விரலால் பரத்திவிட வேண்டியிருந்தது. அது அவருக்குப் பெரிய தண்டனை. நான்கு கண்ணிக்கு ஒரு தடவை நில். மூன்று கண்ணிக்கு ஒரு தடவை நில். "சிக்னல் போட்டு வச்சிருக்காங்கய்யா வழி பூரா" என்று கூட்டாளியிடம் புலம்பினார். நீலத்தை வலக்கையிலும் ஆரஞ்சை இடக்கையிலும் பிடிக்கக் கையம்மாவிடம் கற்றுக்கொண்டார். இடது விரல்கள் முதலில் ஒத்துழைக்கவே இல்லை. உள்பக்கத்தை வெளியில் திருப்பி வைத்துப் பின்னியதால் மீன்கள் அந்தப் பக்கம் வளர்ந்தன. இவர் கண்ணுக்கு எப்போதும் ஓடும் நூல்களின் கூட்டம் மட்டுமே தெரிந்தது. மீன் சரியாக வருகிறதா என்று வரிசைக்கு வரிசை கழுத்தை வளைத்து எட்டிப் பார்ப்பார். சில நாள் எல்லாவற்றையும் சுருட்டி வெங்காயத்தோடு போட்டுவிடலாம் போலிருக்கும். அப்போது எழுந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, திரும்பி வந்து, விட்ட கண்ணியை எடுப்பார். திரும்பி வந்தார் என்பதுதான் மனைவிக்கு ஆச்சரியம். ஒரு நாள் அவர் சன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, பயந்துபோய் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

நீச்சலுக்கு முந்தின நாள் முடித்தார். இந்த முறை யாரையும் கூப்பிடவில்லை. மகளின் நீச்சல் பை கதவோரம் தயாராக இருந்தது. குல்லாவை அதன் பிடியில் தொங்கவிட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

காலையில் மகள் கிளம்பும் சத்தம் கேட்டது. படுக்கையிலிருந்து அவர் எழவில்லை. எழுந்தால் கால் வாசலுக்குப் போய்விடும் என்று தெரியும். பையைத் தூக்கும் ஓசை, தாழ்ப்பாள் ஓசை, பிறகு ஒன்றுமில்லை. கூடத்துக்கு வந்தபோது மேசைமேல் குல்லா இருந்தது. பையிலிருந்து எடுத்து, மடித்து, வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி பல் விளக்கிக்கொண்டே வந்து, "என்னங்க இன்னும் கிளம்பலையா?" என்றாள்.

"எங்க?"

"எங்கயா? உங்ககிட்ட சொல்லச் சொல்லிட்டுத்தானே போனா. 'குல்லாவ அப்பா எடுத்துட்டு வரட்டும், வெளிய வரும்போதுதான் வேணும்'னு. முதல் பஸ்ஸுக்கே போயாச்சு அவ. நான் கடைக்கு லீவு சொல்லல, என்னால வர முடியாது. நீங்க..."

மிச்சத்தை அவர் கேட்கவில்லை. படிகளில் அவர் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. மனைவி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, சட்டை போட்டிருக்கிறாரா என்று உறுதி செய்துகொண்டாள்.

படித்துறையில் காற்று ஊசியாகக் குத்தியது. அவர் போய்ச் சேர்ந்தபோது மகள் தண்ணீரில் இறங்கத் தயாராக நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தாளோ என்னவோ, நீச்சல் கண்ணாடிக்குள் கண் தெரியவில்லை. குதித்தாள். அவள் தலை, கூடப் போகும் படகு, அதற்கப்பால் கறுத்த பாறை. அவர் படித்துறையின் கடைசிப் படிக்கு மேல் போய் நின்றார்.

கையில் வேலை இல்லை. குல்லா முடிந்து, கோட்டுக்குள் நெஞ்சோரம் கிடந்தது. பின்னுவதற்கு ஒரு கண்ணிகூடப் பாக்கி இல்லை. இத்தனை காலம் எப்படியாவது எதையாவது பிடித்துக்கொண்டிருந்த கை அது. தலை புள்ளியானது. முதுகுக்குப் பின்னால், வண்டிகள் நிற்கும் பக்கத்து இரும்புக் கதவு காற்றில் ஆடி, கிறீச் கிறீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. கீலில் ஆணி தளர்ந்திருக்கிறது. சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, எந்த ஆணி என்றுகூட. ஒரு நிமிஷ வேலை. ஸ்க்ரூடிரைவர் சட்டைப் பையில் குத்தியது. பக்கத்தில் நின்ற ஒருவர், "இந்தக் கதவை யாராவது பாக்கக் கூடாதா, காது கிழியுது" என்றார்.

"ஆமாங்க" என்றார் இவர், கடலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பாறைக்குப் பின்னால் போனதும் புள்ளியும் இல்லை, படகும் இல்லை. வெறும் தண்ணீர். ஒரு முழங்கால் மேலும் கீழும் ஆடத் தொடங்கியது. குளிரினால்தான் என்று சொல்லிக்கொண்டார். உள்ளங்காலில் எறும்பு ஊறுவதுபோல் இருந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தார், எண்ணிக்கை தப்பிப்போனது. அவள் பாறையைச் சுற்றி வருகிற நேரத்தில் ஊருக்குள் பாதித் தெருவை நடந்து தீர்த்திருக்கலாம். கோட்டுக்குள் கைவிட்டுக் குல்லாவின் உள்பக்கத்தைத் தடவினார். நூல்கள் மெத்தென்று தளர்ந்து கிடந்தன. படகின் மூக்கு பாறைக்கு இந்தப் பக்கம் தெரிந்தபோது அவருக்கு வாய்விட்டுக் கத்தத் தோன்றியது.

அவளைப் படியேற்றிவிட இரண்டு பேர் தயாராக நின்றார்கள். அவள் அவர்கள் கையைத் தள்ளிவிட்டுத் தானே ஏறினாள். கால் சொன்னபடி கேட்கவில்லை, குடித்தவள்போல் தள்ளாடினாள். உதடு வெளுத்திருந்தது. ரப்பர்த் தொப்பியை உரிக்க விரல் மடங்காமல் தடுமாற, அவர்தான் உரித்தார். ஈரத் தலையைத் துவாலையால் ஒற்றி, குல்லாவை எடுத்து மாட்டினார். போனது. காதைத் தாண்டி, புருவத்தைத் தாண்டி, மூக்குவரை வந்து இறங்கியது. போன தடவைக்கும் சேர்த்துத் தளர்த்திவிட்டிருந்தார்.

குல்லாவுக்குள்ளிருந்து பல் கிட்டும் குரல் வந்தது: "க... கண்ண மறைக்குதுப்பா."

ஓரத்தை ஒரு மடிப்பு மடித்து நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டார். கண்கள் தெரிந்தன. சிவந்து, உப்புப் படிந்து, அவரைத்தான் பார்த்தன.

"இங்கயே இருந்தியா?"

"இருந்தேன்."

யாரோ சூடான பானம் கொண்டுவர ஓடினார்கள். யாரோ கோட்டைக் கழற்றிக் கொடுத்தார்கள். அவள் திரும்பி, முதுகை அவர் நெஞ்சில் சாய்த்து, உடம்பின் முழுப் பாரத்தையும் அவர்மேல் போட்டு நின்றாள். நீச்சலுடையிலிருந்து கடல் நீர் வழிந்து அவர் காலணிக்குள் இறங்கியது. முதலில் வலது, பிறகு இடது. பனிக்கட்டிபோலச் சில்லென்று விரல்களுக்கிடையே நிறைந்தது. அவர் காலை எடுக்கவில்லை.